செஞ்சி வெயிலில் குளிர்ந்த துரை

ஐம்பதைத் தாண்டிய வயதில் நான் ஓர் அடுப்பின் மேல் ஆசைப்பட்டேன். சமையலறை அடுப்பு என்றாலாவது ஏதோ நாக்கு ருசி என்று மன்னித்துவிடலாம். நான் ஆசைப்பட்டது குளிர்காயும் அடுப்பு. கூடத்துச் சுவரைக் குடைந்து, மேலே புகைபோக்கி வைத்து, வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார்களே, அந்தக் கணப்பு. நான் குடியிருப்பதோ செஞ்சியில். சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்தபிறகும் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும் பாறைகள். மார்கழி விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்தலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் விவாதமே நடக்கும். இந்த ஊரில் வந்து கணப்பு கட்டிய வெள்ளைக்காரன் முதல் முட்டாள் என்றால், அதைப் பார்த்து வாயில் நீர் ஊற நின்ற நான் இரண்டாவது.

குற்றம் முழுக்க என்னுடையது அல்ல. வாலிபத்தில் படித்த இங்கிலீஷ் நாவல்களுக்கும் பங்கு உண்டு. அவற்றில் யாராவது ஒருவர் எப்போதும் கணப்பின் முன் உட்கார்ந்திருப்பார். காலடியில் நாய், கையில் புத்தகம், வெளியே பனி. எங்கள் வீட்டில் நாய் இல்லை. பனி இல்லை. புத்தகம் இருந்தது. கணப்பும் கிடைத்துவிட்டால் பாதிக்குப் பாதி தேறிவிடுவேன் என்று நினைத்தேன்.

அந்தக் கணப்பு இருந்த வீடு திண்டிவனம் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், ஒரு பாறைத் திட்டின் மேல் இருக்கிறது. ஊரில் அதற்குக் கல்லு பங்களா என்று பெயர். கொத்திய கருங்கல் சுவர், வளைவு வாசல், ஆள் உயர ஜன்னல், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. எந்தக் காலத்திலோ வரி வசூலிக்க வந்த ஒரு துரை கட்டியது. பல கை மாறி, கடைசியில் ஏலத்துக்கு வந்தபோது உள்ளூர்க் கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்தார். இப்போது அவருடைய இளைய மகள் அங்கே தனியாக இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு இடுப்பில் ஊசி போட்டவர் என்பதால் மீதிப் பாதியும் அவரிடம் மரியாதையாகவே நடந்துகொள்ளும். ஊர்க்காரர்களுக்கு அவர் நர்சம்மா. எனக்கு சிஸ்டர்.

சிஸ்டருக்கு முட்டி போய்விட்டது. சாலையிலிருந்து வீட்டுக்கு ஏற உயர உயரமான கல்படிகள். குதிரையில் வந்து இறங்குகிறவனுக்காகக் கட்டியவை. பால் பாக்கெட் வாங்கக் காலையில் இறங்குகிறவருக்காக அல்ல. புதுச்சேரியில் இருந்த அக்கா, தன் வீட்டுத் தரைத்தள போர்ஷனைக் காலியாக வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தை மாதம் வரைக்கும் வைத்திருப்பேன், அதற்குமேல் முடியாது, வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். அக்கா தங்கை என்றாலும் புதுச்சேரி வாடகை வாடகைதானே. வீட்டை விற்காமல் சிஸ்டரால் போக முடியாது. பூட்டிவிட்டுப் போனால் குரங்குகள் குடியேறிவிடும். ஆவணியில் ஒருநாள், படிக்குக் கீழே இருந்த வேப்பமரத்தில் ஒரு தகரம் தொங்கியது: "வீடு விற்பனைக்கு. புரோக்கர் வேண்டாம்."

அன்று திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னான். நான் அங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். அவ்வப்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுவேன். இரண்டும் ஒன்றுதான் என்பது என் மனைவியின் கட்சி. அவள் அவலூர்பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை. விஷயத்தைச் சொன்னேன். இருக்கிற வீட்டை விற்று, இருவர் சேமிப்பையும் போட்டால் ஒருவேளை முடியலாம் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

"கேக்கறதா? எடுத்த எடுப்புல கேட்டா விலை ஏறிடாது?"

இந்தப் பாடம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். கல்யாணமான புதிதில் திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில், அவள் எடுத்த புடவையைப் பார்த்து நான் "அடடா, பிரமாதமா இருக்குதே" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பஸ் செஞ்சி வந்து சேர்கிறவரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. பிடித்த புடவையைத் தொடவே கூடாது. பக்கத்தில் இருப்பதைத் தொட்டு, "சாயம் போகுமா?" என்று கேட்க வேண்டும். பிடித்ததைக் கடைசியில், போகிற போக்கில், "இது இன்னாங்க, பழைய ஸ்டாக்கா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்க வேண்டும். மாடு பிடிப்பவர், மனை வாங்குபவர், வெண்டைக்காய் வாங்குபவர் எல்லாருக்கும் எங்கள் பக்கத்தில் இதுதான் வேதம். ஆசை முகத்தில் தெரிந்தால் ஆட்டம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்லு பங்களாவுக்குப் போனேன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சிஸ்டர்."

"வாங்க சார். டீ போடறேன்."

இஞ்சி தட்டிப் போட்ட டீ. அதைக் குடித்துக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தேன். "மழை வந்தா ஒழுகுமே?" என்றேன்.

"ஆமா சார், மூலையில கொஞ்சம் ஒழுகும்."

"கருங்கல்லு. கோடையில தோசைக்கல்லு மாதிரி காயுமே?"

"காயும் சார்."

"இவ்ளோ உசரத்துக்கு ஒட்டடை அடிக்க ஆளு கிடைக்காதே?"

"கிடைக்கல சார். அதான் பாருங்க, எப்டி தொங்குது."

சொன்ன குறைக்கெல்லாம் தலையாட்டுகிறவரிடம் எப்படி பேரம் பேசுவது? இருந்தாலும் விடவில்லை. வாராவாரம் போனேன். வாரம் ஒரு புதுக் குறை கண்டுபிடித்தேன். சுவர் ஓதம் என்றேன், கதவு தாழ்வு என்றேன், கிணறு தெற்கே இருக்கிறது என்றேன். கணப்பின் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டேன். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருப்பது போல டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீடு திரும்பினால் மனைவி கேட்பாள்: "கேட்டீங்களா?"

"பதம் வரல. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."

"இன்னா, மைசூர்பாகா கிண்டறீங்க?"

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, படியேறிப் போனபோது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அவலூர்பேட்டையில் நெல் மண்டி வைத்திருப்பவர் ஒருவர் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, படிக்குக் கீழே வெள்ளைக் கார். மனிதர் வேதம் படிக்காதவர். ஒவ்வொரு அறையாகப் போய், பார்த்ததையெல்லாம் வாய் விட்டுப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா செவுரும்மா இது. பீரங்கி வெச்சாலும் நகராது. இந்தத் தேக்கு இப்ப எங்க கெடைக்கும்? எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படியும் ஒருவர் பேரம் பேசுவாரா? கூடத்துக்கு வந்தவர் கணப்பின் முன் நின்றார். குனிந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இது இன்னாதும்மா, கோழி அடைக்கறதா?"

அந்த நிமிடம் முடிவு செய்தேன், இந்த வீடு இவருக்குப் போகக்கூடாது. என் சுயநலத்துக்காக அல்ல. நாகரிகத்தைக் காப்பாற்றுவதற்காக.

"ஒரு வாரத்துல சொல்றேம்மா" என்றுவிட்டு அவர் இறங்கினார். அவருடைய டிரைவர் அதற்குள் எதிரே இருந்த டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்ததை நான் மேலிருந்தே கவனித்து வைத்துக்கொண்டேன். கல்லு பங்களாவுக்கு வருகிற யாரும் அந்த டீக்கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். கடைக்காரருக்கு ஒரு செய்தியைக் கொடுத்தால் அது திண்டிவனம் பஸ்ஸுக்கு முன்னால் திண்டிவனம் போய்விடும்.

இருபத்தைந்து வருடமாக வகுப்பில் கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டுகிறேன். ஒரு பண்டத்தின் மேல் மக்களுக்கு அச்சம் வந்தால் அதற்குத் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை இறங்கும். அந்தக் கோட்டை முதல்முறையாக வெளி உலகத்தில் பயன்படுத்திப் பார்க்கப் போனேன்.

"கல்லு பங்களாவுக்குப் பார்ட்டி வந்திருக்குது போல சார்" என்றார் டீக்கடைக்காரர்.

"வரட்டும், பாவம். யாரும் அவருக்குச் சொல்லலை போல."

"இன்னாத்த?"

நான் டீயை ஆற்றினேன். அக்கம்பக்கம் பார்த்தேன். "அந்தக் காலத்துல வீட்டைக் கட்டின துரை, அங்கேயேதான் செத்தார். குளிர் ஜுரத்துல. அதுவும் தனியா."

"குளிரா? செஞ்சியிலயா?"

"பின்னே? நல்லா இருக்கற மனுஷன் எவனாவது இந்த ஊர்ல வீட்டுக்குள்ள கணப்பு கட்டுவானா? யோசிச்சுப் பாருங்க." சொன்ன பிறகு எனக்கே அது நியாயமாகப் பட்டது. "இப்பவும் பொழுது சாயற நேரத்துல அங்க ஒரு சத்தம் கேக்குமாம். குளிருது, குளிருதுன்னு."

"இங்கிலீஷ்லயா சார்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "இங்கிலீஷ்லதான்."

"அதான் எங்க காதுல விழல" என்றார் கடைக்காரர், மிகவும் சமாதானமாக.

அந்த வாரம் மண்டிக்காரரிடமிருந்து தகவல் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. நான் உள்ளுக்குள் குதித்தேன். இந்த ஊரில் கோட்டைக்கென்று ராஜா உண்டு, குதிரை உண்டு, கதை உண்டு. வெள்ளைக்காரன் பங்குக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையையும் தீர்த்து வைத்தேன் என்று எனக்கு ஒரு பெருமை. இன்னும் ஒரு மாதம் போனால் வேறு வழியில்லாமல் விலை இறங்கும். அப்போது, "இது இன்னாங்க, பழைய ஸ்டாக்கா?" என்று முகத்தைச் சுளிக்க வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து திரும்பும்போது பார்த்தேன். கல்லு பங்களாவின் கீழ்ப்படியில் ஓர் எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஒரு சுருட்டு. கற்பூரம் எரிந்த கரி.

"யார் வெச்சது?" என்றேன் டீக்கடையில்.

"நான்தான் சார்" என்றார் கடைக்காரர். "மனசு கேக்கல. எங்கியோ தூர தேசத்துலருந்து வந்து, பாக்க ஆளில்லாம, குளிர்லயே செத்திருக்காரு. நம்ம ஊர்ல செத்தாருன்னா அப்பறம் நம்ம ஆளுதானே? சுருட்டாவது புடிக்கட்டுமேன்னு வெச்சேன்."

இங்கிலீஷ் கதைகளில் ஒரு வீட்டில் பேய் இருப்பதாகத் தெரிந்தால் ஊர் அந்தப் பக்கமே போகாது. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். நான் எந்த ஊரில் குடியிருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். அகாலமாகச் செத்தவனைப் பார்த்து நம் ஆட்கள் ஓட மாட்டார்கள். நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டதை வாங்கி வைப்பார்கள். வைத்த பிறகு, அதான் வாங்கிக்கொண்டாயே, என் மகளுக்கு ஒரு வரன் பார்த்துக் கொடு என்பார்கள்.

சுருட்டைத் தொடர்ந்து பன் வந்தது; துரைக்குச் சோறு ஒத்துக்கொள்ளாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒரு குவார்ட்டர் பாட்டில் வந்தது. காலையில் அது காலியாக இருந்தது. காரணம் பற்றி ஊரில் இரண்டு கருத்து இருக்கவில்லை. பிறகு கம்பளிகள் வந்தன. குளிருகிறது என்று சொன்னவருக்குக் கம்பளி போடாமல் வேறென்ன போடுவது? படிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லுக்குப் போர்த்திப் போர்த்தி, அது ஐப்பசிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது போலவே ஆகிவிட்டது. பெயரும் வந்துவிட்டது. குளிர்தொர. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற பஸ்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அவற்றில் இரண்டு டீக்கடை வாசலில் நின்றன. கடைக்காரர் இன்னொரு பாய்லர் வாங்கினார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. குளிரில் செத்தவர் குளிர் ஜுரத்துக்கு மருந்து தருவார் என்று ஒரு கட்சி கிளம்பியது. ஜுரத்தோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். படியில் வந்து நிற்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள். மேலே இருப்பவர் யார்? நாற்பது வருடம் ஜுரம் பார்த்தவர். ஒரு குழந்தை நடுங்கிக்கொண்டு நின்றால் அவரால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார முடியுமா? முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருவார். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அங்கேயே திட்டுவார். "கல்லுகிட்ட இன்னா இருக்குது? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ. போறதுக்குள்ள இதுல பாதி மாத்திரை குடு." குழந்தைக்கு ஜுரம் இறங்கும். மறுநாள் துரைக்கு இன்னொரு கம்பளி வரும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு போனபோது டீ வர நேரமாயிற்று. சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"முட்டி வீங்கிப்போச்சு சார். ஏறி ஏறி எறங்கி எறங்கி. ட்யூட்டியில இருந்தப்பகூட இவ்ளோ பேரைப் பாத்ததில்ல." டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "வீடு பாக்க ஒருத்தர் வரல. ஜொரம் புடிச்சவங்கதான் வராங்க. அக்கா நேத்து போன் பண்ணுச்சு. தைக்கு மேல தாங்காதுன்னு சொல்லிடுச்சு. அந்த வீடும் போச்சுன்னா நான் இந்தப் படியிலதான் சாவணும்."

எப்போதும் சொல்கிற குறையை அன்று நான் சொல்லவில்லை. இஞ்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். என் கோட்டின் ஒரு முனையில் விலை இருக்கிறது என்றுதான் இத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்னொரு முனையில் ஒருவருடைய முட்டி இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

நேரே டீக்கடைக்கு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஏழெட்டுப் பேர் ஒதுங்கியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இந்தத் துரை கதை நான் கட்டினது. அப்படி யாரும் சாகலை. எல்லாரும் வேலையைப் பாருங்க."

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "கட்டுன கதைன்னா எம் புள்ளைக்கு எப்டி சார் ஜொரம் வுட்டுச்சு?"

"நர்சம்மா மாத்திரை குடுத்தாங்க. அதனால வுட்டுச்சு."

"அதே மாத்திரைய மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிலயும்தான் குடுத்தாங்க. அங்க வுடலியே."

டீக்கடைக்காரர் என் தோளைத் தொட்டார். குரலில் உண்மையான கவலை.

"சார், நீங்க படிச்சவரு. மொத மொத அவரு விஷயத்தை உங்க வாயாலதான் சொல்ல வெச்சாரு. இப்ப போயி இல்லைன்னு சொல்றீங்க. அவரு கோச்சுக்குவாரு. ஒரு சுருட்டு வாங்கி வெச்சிட்டுப் போங்க, நான் குடுக்கறேன்."

வைக்கவில்லை. வீம்போடு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். செவ்வாய்க்கிழமை எனக்குக் குளிர் ஜுரம் வந்தது.

காரணம் மழை என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வேறு காரணம் தெரியும். மனைவி என்னைத் தொட்டுப் பார்த்தாள். பள்ளிக்கு லீவு சொன்னாள். ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றேன்.

"அங்க கூட்டம். சிஸ்டர்கிட்ட ஒரு தரம் காட்டிட்டுப் போவோம்."

என்னைப் படியில் ஏற்றியது ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும். டீக்கடைக்காரர் வழியெல்லாம், "நான் சொன்னேன் சார், நான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கூடத்தில், கணப்புக்கு எதிரே இருந்த சாய்வு நாற்காலியில் போட்டார்கள். பற்கள் ஒன்றோடொன்று மோதின. போர்த்த ஏதாவது வேண்டும் என்று சிஸ்டர் சொல்ல, கடைக்காரர் ஓடிப்போய்த் துரையிடமிருந்து ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தார். சுருட்டு வாசனை அடித்தது. ஆக, என் வாழ்நாள் ஆசை நிறைவேறியது. கல்லு பங்களாவில், கணப்பின் முன்னால், கம்பளி போர்த்திக்கொண்டு, செஞ்சியிலேயே உண்மையாகக் குளிர்ந்துகொண்டிருந்த ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தேன். நெருப்பு மூட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே சாலையில் கார் நின்றது. மண்டிக்காரர் வந்தார்.

அவர் பயந்து ஓடிப்போயிருக்கவில்லை. பிறகொரு நாள் டீக்கடையில் கேட்டுவந்து டிரைவர் சொன்ன கதையைக் கேட்டதும், தெய்வம் குடியிருக்கிற வீட்டைச் சும்மா வாங்கக்கூடாது என்று, குலதெய்வக் கோயிலில் பூப் போட்டுப் பார்க்க நல்ல நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒன்றில். எடுத்தது வெள்ளையாக இருந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்ததாம். துரையாச்சே, வேறென்ன வரும் என்று அவரே சொன்னார்.

"எல்லாம் கூடி வந்துடுச்சும்மா" என்றார் சிஸ்டரிடம். "ஆனா இங்க இருக்கறவரு உத்தரவும் கேக்கணும். அதான் வந்தேன்." அப்போதுதான் நாற்காலியில் என்னைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். நடுக்கத்தைப் பார்த்தார். "இது யாரு?"

"குளிருது" என்றேன் நான். அது வெறும் தகவல். துரதிருஷ்டவசமாக, ஜுர வேகத்தில் அதையே இன்னொரு தரம் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். கல்லூரிப் பழக்கம். தமிழில் சொன்னால் பின்பெஞ்சுக்கு மதிப்பாகத் தெரியாது.

மண்டிக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தொர" என்றார் மண்டிக்காரர், கைகளைக் கூப்பிக்கொண்டு. "இந்த வூட்டை நான் எடுத்துக்கலாமா? உன்னை வெளிய அனுப்ப மாட்டேன். இங்கியே வெச்சுப் பாத்துக்கறேன். சம்மதமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்து, நான் துரை இல்லை, பொருளாதார வாத்தியார், இந்த வீடு எனக்கு வேண்டும் என்று சொல்ல நேரம் இருந்தது. சிஸ்டர் கையில் மாத்திரையோடு நின்றிருந்தார். இன்னொரு கையால் நாற்காலியைப் பிடித்து, உடம்பின் கனம் முழுவதையும் ஒரு காலில் வைத்துக்கொண்டு. என் தலை ஆடியது. மேலும் கீழும் ஆடியது, பக்கவாட்டிலும் ஆடியது. ஜுரத்தில் ஆடியதா, ஆட்டினேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெளிவில்லை. மண்டிக்காரர் தமக்கு வேண்டிய ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்.

"உத்தரவு ஆயிடுச்சும்மா" என்றார்.

என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பதம் வந்துடுச்சா?"

விலை இறங்கவில்லை. சிஸ்டர் சொன்ன விலைக்கு மேலேயே போட்டு மண்டிக்காரர் வாங்கினார். தெய்வ காரியத்தில் பேரம் பேசினால் குற்றமாகிவிடும் என்றாராம். வேறு ஒன்றிரண்டு பேரும் போட்டிக்கு வந்தார்கள் என்று கேள்வி. நான் இப்போதும் வகுப்பில் அந்தக் கோட்டைப் போடுகிறேன், ஆனால் செஞ்சியிலிருந்து வருகிற மாணவர்களின் முகத்தைப் பார்க்காமல் போடுகிறேன். மார்கழியிலேயே சிஸ்டர் சாமான்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மண்டிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். படியோரத்துக் கல்லை உள்ளே கொண்டுவந்து கணப்புக்குள் உட்கார வைத்திருந்தார். புதுக் கம்பளி, மாலை, இரண்டு பக்கமும் விளக்கு. புகைபோக்கி வழியாகக் கற்பூரப் புகை அழகாக மேலே போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து அந்தக் கணப்பு முதல்முறையாக வேலை செய்தது அப்போதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று, நான் உண்டாக்கிய துரையிடம் குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தேன். மண்டிக்காரர் எனக்கு மட்டும் தனி மரியாதையாக ஒரு பன் கொடுத்தனுப்பினார்.

மாசியில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச்சேரி போனபோது மனைவியும் நானும் சிஸ்டர் வீட்டுக்குப் போனோம். தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. அதுவும் கோலம் போடுவதற்காக வைத்தது போல் இருந்தது. சிஸ்டர் அதில் சிரமமில்லாமல் இறங்கி வந்து வரவேற்றார். முகத்தில் சதை போட்டிருந்தது. அக்கா மாடியிலிருந்து பக்கோடா கொடுத்தனுப்பினார். பேச்சு இங்கே சுற்றி அங்கே சுற்றிக் கல்லு பங்களாவுக்கு வந்தது. இனி விலை ஏறுவதற்கு ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"நெசத்தைச் சொல்லணும்னா சிஸ்டர், அந்த வீட்டு மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. வாங்கணும்னுதான் வாராவாரம் வந்துக்கினு இருந்தேன்."

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"அடப்பாவமே, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார்? தெரிஞ்ச மனுஷருன்னு கொறைச்சே குடுத்திருப்பேனே. வந்து உக்காந்து, செவுரு ஓதம், கூரை ஒழுகுதுன்னு திட்டிட்டுத் திட்டிட்டுப் போவீங்க. நான் இன்னா நெனச்சேன்னா, பாவம், வீட்ல டீ குடுக்க மாட்டாங்க போலன்னு."